தக்காளிக்குத் தோல் தடித்த கதை

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது மாமாவின்ர மகன் பின்வளவில ஒரு முக்காலியை நிறுத்தி வைத்திருந்தான். மேலே ஒரு கமரா, அதுக்குக் கீழ இரும்புக் கை, கையின்ர நுனியில மூன்று இறப்பர் விரல்கள். மச்சான் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு. மாங்காய் ஆயுற ரொபோ ஒன்றைச் செய்வதுதான் அவன்ர புரொஜெக்ட். ஆய்வுகூடத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பத்து மாங்காயில எட்டை அது சரியாகப் பிடித்ததாம். எங்கட கறுத்தக்கொழும்பான் மரத்தடியில் கொண்டுவந்து வைத்ததும் நிலைமை மாறிவிட்டது. இலைக்குப் பின்னால ஒளிச்சிருந்த காய்களை அது காணவேயில்லை. ஒருக்கா இலைக்கொத்தைப் பிடித்து இழுத்தது. இன்னொருக்கா வெய்யில் நேரே கமராவுக்குள் அடிக்க, அப்படியே நின்றுவிட்டது.

அம்மம்மா கொக்கத்தடியோட வந்து பக்கத்தில நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "மோனை, அதை ஆயாதை, அது இன்னும் முத்தேல்லை. இஞ்சால காம்படியில தோள் பிதுங்கி நிக்குதே, அதை இழு" என்று இயந்திரத்துக்கே சொன்னா. எல்லாரும் சிரித்தோம்.

பிறகு நான்தான் மச்சானிட்டக் கேட்டேன்: "இது சரிவந்தால் யார் வாங்குவினம்? இப்ப மாங்காய் ஆயுற ஆக்கள் என்ன செய்வினம்?" அவன் சொன்னான்: "அது என்ர வேலை இல்லை. நான் கையைச் செய்யிறன். உங்கட ஆர்ட்ஸ்காரருக்கு இதில என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அண்டைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கம்பசுக்குத் திரும்பி வந்து தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க நான் போய்ச் சேர்ந்த இடம் கலிபோர்னியா, பழம் தக்காளி. இந்தக் கட்டுரை மச்சானுக்கான பதில். உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

இயந்திரத்துக்கு ஏற்ற பழம்

பழம் பறிக்கும் இயந்திரங்களின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சண்டை பிடிக்கப்பட்டதும் ஒன்றுதான்: கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான தக்காளி அறுவடை இயந்திரம். இது ரொபோ இல்லை. கமராவும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் இன்றைய ரொபோக்கள் முட்டிமோதும் கேள்விகள் எல்லாம் அங்கேதான் முதலில் எழுந்தன.

சோஸ் செய்யவும் தகரத்தில் அடைக்கவும் பயிரிடப்பட்ட தக்காளியை 1940களில் கையால்தான் பிடுங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்த காலம், வேலைக்கு ஆட்கள் இல்லை. டேவிசில் மரக்கறிப் பயிர்களை ஆராய்ந்த ஜாக் ஹன்னா என்பவர் அந்த நாட்களிலேயே ஒரு விஷயத்தை யோசித்தார். தக்காளி ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரு செடியில் பூவும் காயும் பழமும் ஒன்றாக நிற்கும். மனிதக் கை பழுத்ததை மட்டும் தெரிந்து பிடுங்கும், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வரும். இயந்திரத்தால் இது ஏலாது. அப்போ இயந்திரத்தைக் கெட்டிக்காரியாக்குவதா, தக்காளியை மாற்றுவதா?

ஹன்னா தக்காளியை மாற்றினார். எல்லாப் பழமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பழுக்க வேண்டும், அசைத்தால் காம்பை விட்டு இலகுவாகக் கழரவேண்டும், விழுந்தாலும் உடையக் கூடாது, தோல் தடிப்பாக இருக்கவேண்டும். இப்படி ஒரு இனத்தை உருவாக்க அவருக்குப் பல வருடங்கள் எடுத்தன. அதிலிருந்து வந்ததுதான் பின்னாளில் வயல்களை நிரப்பிய விஎஃப்-145 என்ற இனம். 1949 இல் விவசாயப் பொறியியல் துறையைச் சேர்ந்த கோபி லொரன்சன் இயந்திரப் பக்கத்தைப் பொறுப்பெடுத்தார். அவர்கள் செய்த இயந்திரம் செடியை நிலமட்டத்தில் வெட்டி, பட்டியில் மேலே ஏற்றி, குலுக்கி, பழத்தை உதிர்த்தது. இரண்டு பக்கமும் நின்ற தொழிலாளர்கள் பச்சைக் காயையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிய, மிச்சம் பக்கத்தில் ஓடும் வண்டிக்குள் விழுந்தது. ஒரு செடிக்கு ஒரே ஒரு அறுவடை. அதோட அந்தச் செடி முடிந்தது. ரியோ விஸ்டா என்ற ஊரில் இருந்த பிளாக்வெல்டர் என்ற கொம்பனி 1960களின் தொடக்கத்தில் இதைச் செய்து விற்கத் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கையைச் செய்ய வெளிக்கிட்டவர்கள் முதலில் மாற்றியது பழத்தை. பிறகு பாத்தியின் அகலம், நடும் நாள், தண்ணீர் விடும் முறை எல்லாம் மாறின. கடைசியில் யார் கமம் செய்யலாம் என்பதே மாறியது.

நான்கு வருடம்

இயந்திரம் சந்தைக்கு வந்ததும் எல்லாரும் ஓடிப்போய் வாங்கவில்லை. 1964 இல் கலிபோர்னியாவின் பதப்படுத்தும் தக்காளியில் 4 வீதம்கூட இயந்திரத்தால் அறுவடை செய்யப்படவில்லை. காரணம், மலிவான கைகள் இருந்தன. 1942 இல் அமெரிக்காவும் மெக்சிக்கோவும் செய்துகொண்ட 'பிரசேரோ' ஒப்பந்தத்தின்படி மெக்சிக்கோ ஆண்கள் பருவகால வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 22 வருடங்களில் ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, முதலாளியை மாற்ற முடியாது, எதிர்த்துக் கதைத்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். 1963 செப்டெம்பரில் சுவலார் என்ற இடத்தில், வேலை முடிந்து திரும்பிய தொழிலாளர்களை ஏற்றிவந்த வாகனத்தில் ரயில் மோதி 32 பேர் இறந்தார்கள். 1964 முடிவோடு அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது.

தக்காளி அழிந்துவிடும் என்று பெரிய கமக்காரர்கள் அலறினார்கள். அழியவில்லை. 1968 இல் 95 வீதம் இயந்திர அறுவடை. 1970 இல் கிட்டத்தட்ட முழுவதும். ஒரு பல்கலைக்கழக மாணவர் பட்டம் முடிக்கிற நான்கு வருடத்துக்குள் ஒரு முழு வேலை முறையே மறைந்தது.

நட்டம் யாருக்கு? ஓர் இயந்திரத்தின் விலை 50,000 டொலருக்கும் மேல் போனது. சின்னத் தோட்டம் வைத்திருந்தவரால் அதை வாங்கிக் கட்டுப்படியாக்க ஏலாது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 ஆக இருந்த தக்காளிச் செய்கையாளர்கள் 1973 இல் 600 அளவுக்குக் குறைந்தார்கள். 1970களின் இறுதிக்குள் 32,000 வேலைகள் இல்லாமல் போனதாக மதிப்பிடப்பட்டது. இந்த எண்களை லாங்டன் வின்னர் என்ற சிந்தனையாளர் 1980 இல் எழுதிய, கருவிகளுக்கு அரசியல் உண்டா என்று கேட்கும் கட்டுரையில் காணலாம். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, இதை ஒரு சதி என்று அவர் சொல்லாததுதான். ஹன்னாவோ லொரன்சனோ ஏழைகளை விரட்டவேண்டும் என்று மேசையில் இருந்து திட்டம் போடவில்லை. ஆராய்ச்சியும் பணமும் பெரிய கமக்காரரின் தேவையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒரே திசையில் போயின. கெட்டவர் ஒருவரும் இல்லாமலே கெட்டது நடக்கும் என்பதுதான் இதில் பயமான விஷயம்.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். கொளுத்தும் வெய்யிலில் குனிந்து தக்காளி பிடுங்குவது ஒருவரும் ஆசைப்படுகிற வேலை இல்லை. தக்காளிச் செய்கை கலிபோர்னியாவில் நிலைத்தது, உற்பத்தி பல மடங்கு பெருகியது. இயந்திரத்தின் மேல் நின்று தரம் பிரிக்கும் வேலை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது, அதில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனால் 1970களின் நடுப்பகுதியில் பழத்தின் நிறத்தை ஒளியால் அறிந்து பச்சைக் காயைத் தட்டிவிடும் மின்னணுக் கருவி வந்தது. அந்தப் பெண்களின் எண்ணிக்கையும் இறங்கியது. மச்சானின்ர கமராவுக்கு அது ஒரு பாட்டி மாதிரி.

நீதிமன்றத்தில் ஒரு இயந்திரம்

தொழிலாளர்கள் பேசாமல் இருக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் 1978 இல், அடுத்த போராட்டம் இயந்திரங்களைப் பற்றியது என்று எழுதினார். இயந்திரமே வேண்டாம் என்பது அவர் வாதம் இல்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சியின் பலன் வேலை இழப்பவருக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதுதான்.

1979 இல் 19 தொழிலாளர்கள் சார்பாகவும் சிறு கமக்காரருக்காக நின்ற ஓர் அமைப்பின் சார்பாகவும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போடப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் விவசாய ஆராய்ச்சி கிராமத்துக்கும் சிறு கமக்காரருக்கும் பயன்பட வேண்டும் என்று 1887 ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டத்தைக் காட்டி வாதாடினார்கள். அதே வருட இறுதியில், வேலையாட்களைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் பணம் கொடுக்கப்படாது என்று அமெரிக்க விவசாயச் செயலாளர் பொப் பெர்க்லண்ட் அறிவித்தார். 1987 இல் நீதிமன்றம் வழக்காளிகளின் பக்கம் சாய்ந்தது. 1989 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது. பல்கலைக்கழகம் வென்றது. ஆனால் அதுக்குள் அறுவடை இயந்திர ஆராய்ச்சிக்கான பணம் வற்றிப் போயிருந்தது.

'ஆர்ட்ஸ்காரருக்கு என்ன இருக்கு' என்ற கேள்விக்கு இந்த இடத்தில் ஒரு நேரடிப் பதில் உண்டு. வில்லியம் ஃப்ரீட்லண்ட் என்ற சமூகவியலாளரும் ஏமி பார்ட்டனும் 1975 இல் தக்காளி இயந்திரத்தின் சமூக விளைவுகளை எழுதினார்கள். நடந்து முடிந்ததை எழுதியதோடு நிற்காமல், இலைக்கோசு மாதிரியான லெட்டியூஸ் பயிருக்கு இயந்திரம் வந்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுக்கும் ஃப்ரீட்லண்ட் போனார். பாலம் கட்ட முதல் மண்ணைச் சோதிக்கிறோம். இயந்திரம் இறக்க முதல் ஊரைச் சோதிக்கக் கூடாதா?

இன்னொரு கருவியின் கதையும் இதே கலிபோர்னியாவில்தான். முழங்கை நீளம்கூட வராத பிடி போட்ட ஒரு குட்டை மண்வெட்டி. ஸ்பானிய மொழியில் 'எல் கொர்த்தீத்தோ', குட்டையன். அதைப் பிடித்தால் நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் நிற்கவேண்டும். முதுகெலும்பு தேய்ந்தது. பயிருக்குக் கிட்ட நின்றால்தான் நுணுக்கமாகக் களை எடுக்கலாம் என்று கமக்காரர்கள் சொன்னார்கள். நிமிர்ந்து நிற்பவர் ஓய்வெடுக்கிறார் என்று கங்காணிக்குத் தூரத்தில் இருந்தே தெரியும் என்பதும் ஒரு வசதி. 1975 இல் அது தடைசெய்யப்பட்டது. நீளப் பிடி வந்தது. விவசாயம் படுத்துவிடவில்லை. ஒரு பிடியின் நீளத்தைக் கூட்டுவதும் வடிவமைப்புத்தான். அது யாருடைய வேலையையும் பறிக்கவில்லை, முதுகை மட்டும் காப்பாற்றியது.

ரொபோ ஏன் இன்னும் வரவில்லை

குலுக்கி உதிர்ப்பது சோஸ் தக்காளிக்குச் சரி. கடையில் பார்த்து வாங்குகிற அப்பிளுக்கும் தோடைக்கும் சரிவராது, அடிபட்டால் விலை போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்கும் இயந்திரம் வேண்டும் என்ற யோசனையை 1968 இலேயே ஷெர்ட்ஸ், பிரவுண் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தோடை அறுவடை பற்றிய கட்டுரையில் முன்வைத்தார்கள். 1980களில் பிரான்சில் அப்பிளுக்கும், யப்பானில் தக்காளிக்கும், புளோரிடாவில் தோடைக்கும் ரொபோக்கள் செய்து பார்த்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2014 இல் பாக் என்பவரும் சகாக்களும் அதுவரை முப்பது வருடமாக நடந்த 50 முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக மூன்று பழத்துக்கு இரண்டைத்தான் ரொபோ வெற்றிகரமாகப் பறித்தது. ஒரு பழத்துக்கு 33 விநாடி எடுத்தது. முப்பது வருடத்தில் பெரிய முன்னேற்றமும் இல்லை. நல்ல தொழிலாளி ஒருவர் ஒரு அப்பிளைப் பறிக்க ஒன்றிரண்டு விநாடி போதும்.

கண்ணால் கண்டு, இலையை ஒதுக்கி, பழுத்ததா என்று அறிந்து, நசுக்காமல் பிடித்து, கிளையை உடைக்காமல் முறுக்கி எடுப்பது. இதை 'திறனற்ற வேலை' என்று நாங்கள் சம்பளப் பட்டியலில் எழுதுகிறோம். அதில் எவ்வளவு திறன் இருக்கிறது என்பதை ரொபோவின் தோல்விதான் எங்களுக்குக் காட்டித் தந்திருக்கிறது.

ஐரோப்பாவில் குடைமிளகாய் பறிக்க 'ஸ்வீப்பர்' என்று ஒரு ரொபோ செய்தார்கள். 2020 இல் வெளியான முடிவுகளின்படி, பண்ணையில் உள்ளபடி விட்ட செடிகளில் அது 18 வீதமான பழங்களைத்தான் பறித்தது. இலைகளையும் கொத்துக்களையும் நீக்கி ரொபோவுக்கு ஏற்றபடி ஆக்கிக் கொடுத்ததும் 61 வீதம் ஆகியது. அமெரிக்காவின் 'அபண்டன்ட் ரொபோட்டிக்ஸ்' கொம்பனி அப்பிளை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் செய்தது. 2019 இல் நியூசிலாந்தில் வணிக ரீதியாக அறுவடையும் செய்தது. அதுக்கும் மரங்கள் சுவர் மாதிரித் தட்டையாக வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். 2021 இல் அந்தக் கொம்பனி மூடப்பட்டது.

ஹன்னாவின் பாடம் திரும்பவும் வருகிறது பாருங்கள். கை மரத்துக்கு ஏற்றதாக மாறாவிட்டால் மரம் கைக்கு ஏற்றதாக மாற்றப்படும். மரத்தைச் சுவராக்க நிலமும் காசும் வேண்டும். எங்கட பின்வளவு மாமரம் அந்தப் போட்டியிலேயே இல்லை.

நாங்கள் பார்வையாளர் இல்லை

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலின் தோட்டங்களில் இருந்து தாய்லாந்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். பலஸ்தீனத் தொழிலாளர்கள் உள்ளே விடப்படவில்லை. பழம் மரத்தில் நின்றது. அடுத்த மாதமே 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்ப இலங்கை அரசு உடன்படிக்கை செய்தது. பறந்து பறந்து அப்பிள் பறிக்கும் ட்ரோன்களைச் செய்த 'டெவல்' கொம்பனியும் அதே நாட்டைச் சேர்ந்ததுதான். ஆள் இல்லாத இடத்தில் முதலாளிக்கு இரண்டு வழி: இன்னொரு நாட்டு ஏழை, அல்லது இயந்திரம். எது மலிவோ அது வரும். அன்றைக்கு மெக்சிக்கோக்காரர் நின்ற இடத்தில் இன்றைக்கு எங்கட ஆக்களும் நிற்கினம். இயந்திரம் மலிவாகும் நாளில் அவர்களுக்கு விமான டிக்கெட் ஒன்றுதான் மிஞ்சும்.

இதையெல்லாம் மச்சானுக்குப் போனில் சொன்னேன். முதலில் கோபித்தான். "அப்ப என்னை என்ன செய்யச் சொல்றாய்? விடச் சொல்றியோ?"

விடச் சொல்லவில்லை. மரத்தால் விழுந்து இடுப்பு உடைந்தவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏணியும் ஏறத் தேவையில்லாத கருவி வந்தால் நல்லதுதான். நான் கேட்பது மூன்று கேள்விகளைத்தான். இது யாருடைய காசில் செய்யப்படுகிறது? வாங்கக்கூடிய மிகச் சின்னக் கமக்காரர் யார்? இது ஆளை மாற்றுகிறதா, ஆளின் முதுகையும் கழுத்தையும் காப்பாற்றுகிறதா? இவற்றை இயந்திரம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. டேவிசில் வரைபடம் கீறத் தொடங்கியது 1949 இல், வழக்குப் போட்டது 1979 இல். முப்பது வருடம் பிந்திப் போனது.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த கிழமை அம்மம்மாவிட்டப் போய், மாங்காய் ஆயுறதில உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டிருக்கிறான். அம்மம்மா சொன்ன பதிலில் ஆயுறது என்ற சொல்லே இல்லையாம். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகுது, இலைக்குள்ள முத்தினது எதெண்டு இப்ப கண்ணுக்குத் தெரியுதில்லை, விழுந்தால் பால் பட்டு, அடிபட்டுப் பழுதாகுது. இவ்வளவும்தான்.

இப்போ அவன் இரும்புக் கையைக் கழற்றி வைத்துவிட்டான். கமராவைக் கொக்கத்தடியின் நுனியில் கட்டி, படத்தைக் கையில் இருக்கும் போனில் காட்ட முடியுமா என்று பார்க்கிறானாம். நுனியில் வலைப்பை ஒன்றும் தொங்குது. மேற்பார்வையாளர் இதை ரொபோ என்று ஏற்றுக்கொள்வாரோ தெரியாது என்று கவலைப்பட்டான். புள்ளி குறைந்தால் என்னைத்தான் திட்டுவான். ஆனால் அடுத்த மாம்பழச் சீசனுக்கு அந்தத் தடியைப் பிடிக்கப் போவது அம்மம்மாதான் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.